நாலாம் கட்டுச் சீட்டு

வெர்லீன் ஸ்ட்ரவுட் எங்கள் டிபெட் ஹார்பருக்குப் பத்தொன்பது வருஷம் டவுன் கிளார்க்காக இருந்தாள். நாய்க்கு லைசென்ஸ், மட்டி தோண்ட லைசென்ஸ், கல்யாணப் பதிவு, சாவுப் பதிவு எல்லாம் அவள் மேஜையில்தான். முதல் தடவை அந்தப் பதவிக்கு அவள் நின்றபோது எதிர்த்து நிற்க ஆள் இல்லை. அதற்குப் பிறகும் யாரும் நிற்கவில்லை. பெயரை எழுதிவிட்டு நம்மிடமே ஒரு தரம் வாசித்துக் காட்டுவாள். என் பேரனின் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து விட்டுப்போனதற்கு வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டவள்.

அவள் கணவன் லைல் கடற்சேற்றில் புழு தோண்டுகிறவன். தூண்டில்காரர்களுக்கு விற்கிற சிவப்புப் புழு. தண்ணீர் இறங்கியதும் முழங்கால் அளவு சேற்றில் குனிந்தால், ஏறும்வரை நிமிர முடியாத வேலை. அந்தக் கோடையில் அவனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. இதய வால்வு சரியில்லை, பேங்கோர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். புழு தோண்டுகிறவனுக்கு ஏது காப்பீடு? கிளார்க் வேலையும் வாரத்துக்கு மூன்று நாள்தான். அதற்கும் காப்பீடு கிடையாது.

அந்த வருஷம் மாநிலத்தை ஆளும் கவர்னருக்குத் தேர்தல். எட்டு வருஷம் இருந்த குடியரசுக் கட்சி கவர்னர் மறுபடி நிற்க முடியாது. நாற்காலி காலி. குடியரசுக் கட்சிக்கு ஹேஸ்கல் நின்றார். ஜனநாயகக் கட்சிக்கு மரியன் டூசெட் என்ற பெண். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலக் காப்பீடு தரும் உத்தரவில் முதல் நாளே கையெழுத்துப் போடுவேன் என்று டூசெட் சொன்னார். ஹேஸ்கல் முடியாது என்றார். வெர்லீன் யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. லைல் கடைப் படியேறும்போது நின்று நின்று ஏறுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கடை என்னுடையது. பெட்ரோல், காபி, தூண்டில் சாமான். என் பெயர் ஹோலிஸ். நான் பிறந்ததிலிருந்து குடியரசுக் கட்சி. ஓட்டு எண்ணும்போது ஒரு மேஜைக்குக் கட்சிக்கு ஒருவராக இரண்டு பேர் உட்காருவோம். என்னோடு உட்கார்ந்தது ஐடெல்லா, முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள், ஜனநாயகக் கட்சி. ஐம்பது ஐம்பதாகக் கட்டுக் கட்டி, கட்டுக்கு ஒரு சீட்டு எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். வெர்லீன் எல்லாச் சீட்டையும் கூட்டிப் பெரிய தாளில் ஏற்றுவாள்.

செவ்வாய்க்கிழமை எண்ணி முடித்தோம். புதன்கிழமை அவள் தாளைத் தலைநகருக்கு அனுப்பிவிட்டாள். மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்த்ததில் டூசெட் நூற்று முப்பத்தொரு ஓட்டு முந்தியிருந்தார். லட்சக்கணக்கில் விழுந்த ஓட்டில் அவ்வளவுதான் வித்தியாசம். ஹேஸ்கல் மறுஎண்ணிக்கை கேட்பாரா, தோல்வியை ஒப்புக்கொள்வாரா என்று வெள்ளிக்கிழமை சொல்வார் என்றது ரேடியோ.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெர்லீன் எனக்குப் போன் செய்தாள்.

"ஹோலிஸ், கடையை யார்கிட்டயாவது விட்டுட்டு கொஞ்சம் வர்றியா?"

"என்ன, லைலுக்கு ஏதாவது ஆச்சா?"

"லைல் நல்லாத்தான் இருக்கான். நீ வா."

போனேன். மேஜையில் நாங்கள் எழுதிய சீட்டுகள் வரிசையாக இருந்தன. நாலாம் கட்டுச் சீட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இது உன் கையெழுத்துதானே? படி."

"ஹேஸ்கல் முப்பத்தெட்டு, டூசெட் ஒம்பது, மத்தவங்க மூணு."

பெரிய தாளின் நகலைக் காட்டினாள். நாலாம் கட்டு வரியில் டூசெட்டுக்கு முப்பத்தெட்டு, ஹேஸ்கலுக்கு ஒன்பது. இரண்டு எண்ணும் இடம் மாறி ஏறியிருந்தன. மொத்தம் ஐம்பது சரியாக வந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

"நான் எழுதினதுதான்" என்றாள். அவள் கன்னமெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. "அம்பத்தெட்டு ஓட்டு வித்தியாசம், ஹோலிஸ். நூத்தி முப்பத்தொண்ணு எழுபத்திமூணு ஆயிடும்."

அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். ஐடெல்லாவைக் கூப்பிட்டிருக்கலாம். எதிர்க்கட்சிக்காரனான என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். என்னிடம் காட்டிய பிறகு இதை மூடி வைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவே கூப்பிட்டாளோ என்று பிறகு தோன்றியது. நான் கேட்டதில்லை.

"லைல்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மறுபடி எண்ணினா அவங்களே கண்டுபிடிக்கட்டும், எண்ணலேன்னா விட்டுடுங்கிறான். அப்புறம், 'எனக்காக நீ எதுவும் பண்ண வேண்டாம்'னும் சொல்றான். ஒரே வாயால ரெண்டையும் சொல்றான்." மூக்கைச் சிந்தினாள். "அவனைத் திட்டவும் முடியல."

மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்கு என் முன்னாலேயே போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். மறுமுனையில் ஒரு களைத்த குரல்.

"எந்த ஊர் சொன்னீங்க?"

"டிபெட் ஹார்பர். நான் தப்பாக் கூட்டி அனுப்பிட்டேன்."

"சரிம்மா, அழாதீங்க. இன்னிக்கு இது எனக்கு ஆறாவது போன். திருத்தின தாளைக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பெட்டி சீல் உடையலையே?"

"இல்ல. இல்ல, சார்."

"அதைப் பத்திரமா வைங்க."

மறுநாள் செய்தித்தாளில் ஊர்ப் பெயர் வந்துவிட்டது. அன்று மத்தியானமே ஹேஸ்கல் மறுஎண்ணிக்கை கேட்டார். ரேடியோவில் அவர் ஆள் ஒருவர் எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்து, "இன்னும் எத்தனை ஊர்ல இப்படியோ" என்றார்.

அதிலிருந்து வெர்லீனுக்கு இரண்டு பக்கமும் அடி. எங்கள் கட்சிக்காரர்கள் அவள் வேண்டுமென்றே செய்து மாட்டிக்கொண்டாள் என்றார்கள். என் கடையிலேயே ஒருவன், "புருஷனுக்கு ஆபரேஷன் வேணும்ல, அதான் கை தானா மாத்தி எழுதுது" என்றான். அவன் கையிலிருந்த பாதிக் காபியைப் பிடுங்கிக்கொண்டு, வெளியே போகச் சொன்னேன். ஐடெல்லா வெர்லீனின் அலுவலகத்துக்கே போய்க் கத்தினாள்.

"ஹேஸ்கல் தோத்தேன்னு ஒத்துக்க இருந்தாரு! நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?"

"நீயும்தானே அந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டே, ஐடெல்லா."

"போட்டேன். சரியாத்தான் போட்டேன். மாத்தினது நீ. மாட்டிவிட்டதும் நீ. அந்தக் காப்பீடு உன் புருஷனுக்கு மட்டுமில்ல, என் பொண்ணுக்கும்தான்."



திங்கட்கிழமை மாநிலப் போலீஸ்காரர் ஓட்டுப்பெட்டியை எடுத்துப் போக வந்தார். சீல் எண்ணை அவள் தன் நோட்டோடு நாலு தரம் ஒத்துப் பார்த்தாள். போலீஸ்காரர் பொறுமையாக நின்றார். வண்டி திரும்பிப் போன பிறகும் அவள் வாசலில் நின்றிருந்தாள்.

அடுத்த பத்து நாள் அவளுக்குத் தூக்கமில்லை. ஒரு கட்டுச் சீட்டில் தப்பு நடந்தால் இன்னொன்றிலும் நடந்திருக்கலாமே என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் கடைக்கு வந்தவள் ரொட்டியை மறந்துவிட்டு மூன்று பால் டப்பா வாங்கிப் போனாள். லைல் ஒரு நாள் சேற்றில் இறங்கி, பாதி வாளி நிறைவதற்குள் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இனி ஆபரேஷன் தேதியைத் தள்ளக் கூடாது என்றார் டாக்டர். காப்பீடே இல்லாமல் எந்தத் தேதி என்று வெர்லீன் கேட்டாளாம்.

எங்கள் ஊர்ப் பெட்டி திறக்கும் நாளில் நான்தான் வண்டி ஓட்டினேன். லைல் பின்சீட்டில் போர்வையோடு படுத்திருந்தான். தலைநகர் அகஸ்டாவில் ஒரு பெரிய கூடம். நீள மேஜைகள், இரண்டு பக்கமும் வக்கீல்கள். நாலாம் கட்டைப் பிரித்து எண்ணினார்கள். ஹேஸ்கல் முப்பத்தெட்டு, டூசெட் ஒன்பது.

ஹேஸ்கலின் வக்கீல் தலை நிமிராமல் கேட்டார்: "முதல்ல இதை மாத்தி எழுதினது யாரு?"

"நான்தான்" என்றாள் வெர்லீன்.

"எப்படி நடந்துச்சு?"

"தெரியல, சார். காலையில அஞ்சு மணியிலேருந்து நின்னுட்டே இருந்தேன். அதைக் காரணமாச் சொல்லல. தெரியல."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். மற்றக் கட்டுகளிலெல்லாம் எங்கள் கணக்கு ஒரு ஓட்டுக்கூடப் பிசகவில்லை. வெளியே வந்ததும் அவள் படியில் உட்கார்ந்து தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். லைல் வண்டிக் கண்ணாடியை இறக்கி, "முடிஞ்சுதா? பசிக்குது" என்றான்.

முடியவில்லை. மற்ற ஊர்ப் பெட்டிகள் இன்னும் ஒரு வாரம் ஓடின. ஒரு நாள் வித்தியாசம் நாற்பதுக்கு இறங்கியது. அன்று அவள் போனை எடுக்கவே இல்லை. பிறகு வடக்கே ஓர் ஊரில் எண்ணாமல் விட்ட கட்டு ஒன்று கிடைத்தது. கடைசியில் டூசெட் தொண்ணூற்று நாலு ஓட்டில் ஜெயித்தார். ஜனவரியில் பதவியேற்று, சொன்னபடி கையெழுத்துப் போட்டார். மே மாதம் பேங்கோரில் லைலுக்கு ஆபரேஷன் ஆனது.

அதற்குள் ஊர்ப் பதவிகளுக்கு ஓட்டுப் போடும் மார்ச் மாத ஊர்க்கூட்டம் வந்துபோயிருந்தது. கிளார்க் பதவிக்கு முதல் முறையாக ஒரு போட்டி. நின்றது ஐடெல்லா. வெர்லீன் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள். நான் அவளுக்குத்தான் போட்டேன். போதவில்லை. அதே வாரம் சாவிக்கொத்தையும் மட்டி லைசென்ஸ் புத்தகத்தையும் ஐடெல்லாவிடம் கொடுத்து, ஒரு முழுநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டு வந்தாள். இப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.

செப்டம்பரில் லைல் மறுபடி சேற்றில் இறங்கினான், பாதி நேரம் மட்டும். அவள் வேலை முடிந்து வரும் வழியில் கடையில் நிறுத்தி, ஜன்னல் வழியே கரையைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பாள். ஒரு நாள் தானாகவே சொன்னாள்:

"அந்த அம்பத்தெட்டுல எல்லாம் கவுந்து போயிருந்தா இவன் முகத்துல எப்படி முழிச்சிருப்பேன்னு இன்னும் யோசிக்கிறேன், ஹோலிஸ்."

"அதான் கவிழலையே."

"ஆமா. ஆனாலும் யோசிக்கிறேன்."

லைல் வாளியோடு கரையேறுவது தெரிந்ததும் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.