செவலைக்குப் போட்ட உண்ணிப் பொடி

பிள்ளைகளா, போன வாரம் பூனைக்குட்டிக்குத் தெள்ளுப்பூச்சி போக விடப்போன மருந்தை உங்கள் கையிலிருந்து பிடுங்கினேன். சின்னவள் அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள். பெரியவன் மட்டும், "நாய்க்குள்ளதுதான்ப்பா. ஆனா பாதிதான் விடப்போறோம், குட்டிக்கு அது போதும்ல" என்றான். அந்தப் பாதிக் கணக்குதான் என்னைக் கத்த வைத்தது. அதை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கோபத்தில் சொல்ல வரவில்லை. எழுதினால் ஒழுங்காக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. எங்கள் வீடு காளவாசலுக்கு மேற்கே, தோட்டமும் செங்கல் சூளையும் மாறி மாறி வரும் இடத்தில் இருந்தது. அப்பா மாட்டு வண்டியில் செங்கல் ஏற்றுவார். வீட்டில் இரண்டு காளைகள், ஒரு பூனை. பூனை என் அக்காவுடையது. வேலியோரம் கண் திறக்காமல் கிடந்ததைத் தூக்கி வந்து, துணியைப் பாலில் நனைத்துப் புகட்டி வளர்த்தாள். மாட்டுக்குச் சொல்லும் நிறத்தையே அதற்கும் பெயராக வைத்தோம், செவலை என்று.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து செவலை அவளை விட்டு அகலவில்லை. அது கொண்டுவந்த தெள்ளுப்பூச்சி கடித்து அவள் காலெல்லாம் தடித்துப் போனது. அப்பா பார்த்துவிட்டார்.

"பச்சப்பிள்ளை படுக்கிற வீட்டுல தெள்ளா? நாளைக்கு வண்டி கட்டுறப்ப சாக்குல போட்டு நாகமலைக்கு அங்கிட்டு விட்டுட்டு வந்துர்றேன்."

அக்கா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். நிறைமாதக்காரி பட்டினி கிடந்தால் அம்மா பொறுப்பாளா? "கொஞ்சம் பொறுங்க, என் தம்பி வாரான். அவனுக்கு மருந்து தெரியும்" என்று அப்பாவைத் தடுத்துவிட்டாள்.

மாமா பேரையூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தார். மாட்டு உண்ணிக்கு அவர் செய்யும் வைத்தியம் அங்கே பெயர் பெற்றது. கடையில் விற்கும் உண்ணிப் பொடியை வேப்பெண்ணெயில் குழைத்து மாட்டின் தொடையிடுக்கிலும் காதடியிலும் தேய்ப்பார். சும்மா தூவினால் உதிர்ந்துவிடும், எண்ணெயில் குழைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. மஞ்சள் பையில் எங்களுக்கு மொச்சையும், செவலைக்கு அந்தப் பொடியும் கொண்டுவந்து இறங்கினார்.

அப்பாவுக்கே சந்தேகம் வந்தது. "மாட்டுக்குப் போடுறதை இதுக்குப் போடலாமா மாப்ள?"

"மாடு எம்புட்டுப் பெருசு, அதுக்கு ஒரு கரண்டி. இது எம்புட்டு? ஒரு சிட்டிகை. கணக்கு சரிதான மச்சான்? நீங்க சாக்கைத் தேடாம இருங்க, நான் பாத்துக்கிறேன்."

கணக்கு எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. நான் காலைப் பிடித்துக்கொள்ள, மாமா கழுத்திலிருந்து வால் வரை தேய்த்துவிட்டார். செவலை அவர் முழங்கையைப் பிறாண்டியது. "ஏய், கல்யாணப் பொண்ணுகூட நலங்கு வைக்க இம்புட்டு அலட்டாது" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முடிந்ததும் மாமா என்னைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போனார். சீயக்காயைப் போட்டு என் விரலிடுக்கெல்லாம் தேய்த்துவிட்டார். "கையை வாயில கீயில வச்சிராத மருமகனே, விஷமாக்கும்" என்றார். தன் கையையும் கழுவி, மோந்து பார்த்து, மறுபடியும் கழுவினார்.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது செவலை குட்டிச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்து தன்னை நக்கத் தொடங்கியது. முதுகு, விலா, வால், ஓரிடம் விடவில்லை. "பாருங்க சுத்தக்காரியை! எண்ணெய் வச்சது அம்மணிக்குப் பிடிக்கலையாம்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். அக்கா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெயில் சாய்வதற்குள் செவலையின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. காது துடித்தது. சுவரிலிருந்து குதிக்கப் பார்த்துத் தொப்பென்று விழுந்தது. வண்டிக்கு அடியில் போய் உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் குனிந்து, "செவலை, செவலை" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். விளக்கு வைப்பதற்கு முன் அது அடங்கிவிட்டது.

மாமா அதன் வாய் நுரையைப் பார்த்தார். "எலி மருந்து தின்ன மாதிரில்ல இருக்கு" என்றார்.

அந்தச் சொல் விழுந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம். பக்கத்தில் இருந்தது அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. எலி மருந்துப் பொட்டலங்களைச் சரமாகத் தொங்கவிட்டு விற்பவர் அவர்தான். அவருடைய சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் ராத்திரியெல்லாம் எலி பிடித்தது செவலைதான் என்பதோ, அதற்காக அவர் தினமும் ஒரு கருவாட்டுத் தலை எடுத்து வைத்ததோ அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அக்கா தேம்பிக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அப்பா தெருவில் நின்று சத்தம் போட்டார். அண்ணாச்சி இறங்கி வந்தார். எங்கள் வாசற்படியில் சூடத்தைக் கொளுத்தி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"சத்தியமா நான் வைக்கல தாயி. எனக்கு எலி பிடிச்சுக் குடுத்த பிள்ளை அது. அதுக்கா மருந்து வைப்பேன்?"

"சூடம் அணைச்சா ஆச்சா? என் மக அழுகை சும்மா விடாது" என்று அம்மா கதவைச் சாத்தினாள். மாமா தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உண்மையிலேயே எலி மருந்து என்றுதான் நினைத்தாரா, இல்லை உள்ளுக்குள் ஏதும் உறுத்தியதா, எனக்குத் தெரியாது. மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

அக்காவுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது. ஆனால் அதன் பிறகு நாங்கள் அண்ணாச்சி கடையில் உப்புகூட வாங்கவில்லை. சாமான் வாங்க என்னைக் காளவாசலுக்கு அனுப்புவார்கள். திரும்பும்போது அண்ணாச்சி கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் கண்ணில் படாதபடி பையைக் கடைக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் மாற்றிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள் அம்மா. முன்பெல்லாம் என்னைக் கண்டால், "என்ன தம்பி, இன்னைக்குப் புளியா பருப்பா?" என்று கேட்கிற மனுஷன், தட்டில் ஒன்றும் இல்லாமலே தராசைத் தூக்கிப் பிடித்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கடந்து போன பிறகுதான் கீழே வைப்பார். அவர் இறந்தபோது எங்கள் வீட்டிலிருந்து ஒரு மாலை போகவில்லை.

உங்கள் கையிலிருந்து பிடுங்கிய மருந்தை எடுத்துக்கொண்டு மறுநாள் கால்நடை டாக்டரிடம் போனேன். அவர் அட்டையைப் படித்துவிட்டு, "நல்லவேளை போடல. நாய்க்குப் போடுற மருந்துல சிலது பூனைக்கு விஷம். அதை முறிச்சு வெளியேத்துற சக்தி பூனை உடம்புக்குக் கிடையாது. பாதி, கால்னு கணக்கெல்லாம் செல்லாது" என்றார். பூனைக்கென்று உள்ள வேறு மருந்து தந்திருக்கிறார். அலமாரியில் இருக்கிறது. குட்டியை எடை பார்த்து, நாக்கு எட்டாத பிடரியில் மயிரை விலக்கிச் சொட்டு மருந்தை விட வேண்டும். சேர்ந்தே விடுவோம்.

எழுந்து வரும்போது செவலையைப் பற்றிக் கேட்டேன். மாட்டு உண்ணிப் பொடி, வேப்பெண்ணெய், எச்சில், துடிப்பு எல்லாம் சொன்னேன். "எண்ணெயில குழைச்சா தோல் வழியா இன்னும் வேகமா ஏறும். மிச்சத்தை நக்கியே உள்ள தள்ளியிருக்கும். எலி மருந்தெல்லாம் தேட வேண்டியதில்லை" என்றார்.

மாமாவுக்கு அது விஷம் என்று தெரிந்திருந்தது. அதனால்தான் என் கையை அப்படித் தேய்த்துக் கழுவினார். பூனைக்குத் தண்ணீர்த் தொட்டியும் சீயக்காயும் அதன் நாக்குதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சுவர் மேல் அது கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். நானும் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தேன். என்ன பார்க்கிறோம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, சொல்லலாம் என்றால் அப்பா இல்லை, அம்மா இல்லை, மாமாவும் இல்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அரைக் கிலோ புளியோடு வந்தேனே, "இதுக்கா அம்புட்டுத் தூரம் போனீக?" என்று உங்கள் அம்மா கேட்டாளே, அது அண்ணாச்சி கடைப் புளி. அவர் மகன்தான் உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ சீனி கேட்டார்கள். புளியை வாங்கிக்கொண்டு எங்கள் பழைய வீடு இருந்த இடம் வரை போனேன். அங்கே நின்று திரும்பி, பையைக் கடைப் பக்கத்துக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடையை மெதுவாகக் கடந்து வந்தேன்.