முந்தாநாளே பிரிந்த காற்று

குடல் முறுக்கிக்கொண்டதென்று என் வயிற்றைக் கிழித்துத் தைத்தது எழுபதுகளின் கடைசியில். மலையிலிருந்து டோலி கட்டி ஒடுகத்தூர் வரை தூக்கிவந்து, அங்கிருந்து பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்காரர் கைக்குழந்தையோடு மலையில் இருந்துவிட்டார். கூட வந்தது மாமனார். கட்டிலை விட்டு நகரமாட்டேன் என்று நின்ற மனுஷன்.

கத்தி பட்ட குடல் மரத்துப்போகுமாம். அது மறுபடி அசைந்து காற்றைக் கீழே தள்ளும்வரை வாய்க்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. மூக்கில் குழாய், கையில் குளுக்கோஸ். பசிகூட இல்லை. வயிறு யாருடையதோ என்று கிடந்தேன்.

"இன்னாம்மா, காத்து பிரிஞ்சிச்சா?" நர்ஸ் வேளாவேளைக்கு வந்து சத்தமாகக் கேட்பாள்.

மாமனார் எதிரில் தலைநிமிர்ந்து பேசாத ஊர் எங்களது. இதைப் போய் எப்படிச் சொல்வது? மூன்றாம் நாளே பிரிந்துவிட்டது. இல்லையென்று தலையாட்டினேன். நாலாம் நாளும் ஆட்டினேன். சீ, என்ன ஜென்மமோ!

ஐந்தாம் நாள் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டார்.

"சத்தம் லேசாத்தான் வருது. காத்தும் பிரியலன்றாங்க. மறுபடி தெறந்து பாத்துடலாம். இதுல கைநாட்டு வைங்க பெரியவரே."

மாமனாரின் கட்டைவிரலில் மை தடவினார்கள். மறுபடி கத்தியென்றால் திரும்புவேனா, பிள்ளை என்ன ஆகும் என்பதெல்லாம் எங்கோ தூரத்தில் ஓடியது.

"மாமா, கொஞ்சம் வெளியே போங்க."

சாகப்போகிறவள் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். கட்டிலருகே குனிந்தார்.

"இன்னான்னாலும் எங்கிட்டயே சொல்லும்மா."

"அய்யோ, போங்கன்றேன்!"

போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"காத்து முந்தாநாளே பிரிஞ்சிடுச்சி."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் பேப்பரை மடித்துவிட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அது தொண்டையில் இறங்கியது. அவ்வளவுதான்.

மாமனார் மை விரலோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நா நின்னதாலதான் உனுக்கு ரெண்டு நாளா தண்ணிகூட இல்லியா?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். பெற்ற அப்பன்கூட அப்படிக் காவல் நின்றிருக்கமாட்டான். ஆமாம் என்றேன்.