செண்பகம் அக்கா கழற்றாத விளக்கு

என் மூத்த பேரன் கோலாலம்பூரில் ஒரு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அடுத்தவன் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினான். பேத்தி ஏழாம் வகுப்பு தேறிவிட்டாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் இதுவரை அவ்வளவு படித்ததில்லை. இதையெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் போய் செண்பகம் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் இருக்கும் என் மருமகன் கிள்ளானுக்கு வந்த காலை ரயிலில் இறங்கி வாசலில் நின்றார். "அத்தை, பெரியத்தை போயிட்டாங்க" என்றார்.

கேட்காமலே போய்விட்டாள். அவளிடம் சொல்லாத பெருமை எனக்குப் பாதிப் பெருமைதான்.

அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி. மாமனாரின் பிரிக்பீல்ட்ஸ் பலகை வீடு மூத்தவர்களுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. கூடத்தில் தொங்கிய மண்ணெண்ணெய் விளக்கும் அதோடு போனதுதான் வருத்தம். பச்சைக் கண்ணாடிக் குடை, பித்தளைச் சங்கிலி. நான் மருமகளாய் வந்த நாள் முதல் அதன்மேல் கண்.

கரண்டு முதலில் வந்தது கிள்ளானில் எங்கள் வீட்டுக்குத்தான். நிலைக்கு மேலிருந்த பூவேலைப் பலகையைப் பெயர்த்துவிட்டு வயர் இழுத்தார்கள். கூடத்து நடுவில் ஒரு பல்பு மொட்டையாய்த் தொங்கியது. வெளிச்சம் என்னவோ கண்ணைப் பறித்தது.

பிறகு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கும் கரண்டு வருகிறது என்று கேள்விப்பட்டேன். இனி அந்தப் பழைய விளக்கு அவளுக்கு எதற்கு? கண்ணாடி உடையாமல் சுற்றிக்கொண்டு வர ஒரு பழைய பட்டுச் சேலையைக் கூடையில் போட்டு ரயிலேறினேன்.

"வாடி தனம். கூடையிலே என்னடி?"

"சும்மா, வழியிலே சட்டி வாங்கினா சுத்திக்கலாம்னு."

"சட்டிக்குப் பட்டா சுத்துவே? கிள்ளான்காரி லா நீ!"

சிரித்துவிட்டு, "மேலே பாருடி" என்றாள்.

விளக்கு தொங்கிய இடத்திலேயே தொங்கியது. சங்கிலியின் கண்ணிகளுக்குள் வயரை நுழைத்து, திரி இருந்த இடத்தில் பல்பைப் பொருத்தியிருந்தாள். சீன வயர்மேன் தூணில் ஆணி அடிக்கப் போனபோதெல்லாம் "ஜாங்கான் தௌக்கே, ஜாங்கான்!" என்று, வேண்டாம் முதலாளி, வேண்டாமென்று மலாயில் கத்தி, உத்தரத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் வயரைக் கொண்டுபோக வைத்தாளாம். "வெளிச்சம் புதுசா வரட்டும்டி. வீடு என் வீடாவே இருக்கட்டும்" என்றாள்.

வெறுங்கூடையோடு அனுப்பக்கூடாது என்று முறுக்கு போட்டுக் கொடுத்தாள். அந்த முறுக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதன் பிறகு என் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம், "செண்பகம் அக்கா வீட்டுலே கரண்டு இருக்கிறதே தெரியலையே, என்ன அழகு!" என்பார்கள், என் பல்புக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே. நானும் கோலாலம்பூர் கடையில் ஒரு ரோஜா நிறக் கண்ணாடிக் குடை வாங்கி மாட்டினேன். அக்கா வந்தாள், அண்ணாந்து பார்த்தாள், "நல்லா இருக்குடி" என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் மகன் கந்தசாமி ஏணியைக் கொண்டுவந்து கூடத்தில் சாத்தினான்.

"சின்னம்மா, விளக்கு உங்களுக்குத்தான். அம்மா சொல்லிட்டுப் போனாங்க. அன்னிக்குப் பட்டுச் சேலை எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியுமாம்."

காரியத்துக்கு நான் கூடை கொண்டுபோகவில்லை. அவன் இரண்டு படி ஏறிவிட்டான். இத்தனை வருஷம் ஆசைப்பட்டது கைக்கு வருகிறது. ஆனால் என் கூடத்தில் மாட்டினால் வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்? "இது செண்பகம் அக்கா விளக்கா?" என்றுதானே! செத்தும் என் வீட்டில் அவள் பேர்தான் எரியும். அதோடு, அதை இறக்கிவிட்டால் அந்தக் கூடத்தில் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

"இறங்குடா கீழே. உங்கம்மா மாட்டினதைக் கழற்ற நீ யாரு?" என்று சத்தம் போட்டேன்.

அவளை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். அந்தி நேரத்தில் சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் "மேலே பாருடி" என்ற அவள் குரல் கேட்கிறது, பார்க்கிறேன். என் ரோஜாக் குடை இன்னும் நன்றாக இல்லை.

கந்தசாமி, புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. விளக்கை எரியவிட்டு அதற்கடியில் எல்லோரும் நில்லுங்கள். போன தடவை அனுப்பியதில் உங்கள் தலைகள்தான் தெரிந்தன. இந்தத் தடவை சங்கிலி முழுசாக விழ வேண்டும்.