பெரட்டு இல்லாத திங்கட்கிழமை

சபையாருக்கு என் வணக்கம். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

தேவாலா பக்கம் ஒரு டீ பேக்டரியில் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்கிறேன். முன்பெல்லாம் காலையில் பெரட்டு உண்டு. எல்லோரும் வரிசையில் நிற்போம். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்புவார். காய்ச்சலில் கிடந்த என்னை இரண்டு முறை அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

கம்பெனி கைமாறியது. பெரட்டை நிறுத்தினார்கள். வேலை நேரம், லீவு எல்லாம் போனில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். ஆபீசில் போய்ச் சொன்னேன்.

"வேற போன் வாங்கிக்கங்க, பெரியவரே" என்றார் புது ஆபீசர். தலை நிமிரவில்லை.

கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். இவர்களால்தான் நம் ஆட்கள் போனார்கள் என்று எனக்குக் கோபம். முகம் கொடுத்துப் பேசமாட்டேன். மனைவி இறந்துவிட்டாள். மகள் திருப்பூரில். சில நாள் விடிந்தது முதல் படுக்கும்வரை ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். ஜெபமும் நின்றுபோனது.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை. அன்று பேக்டரிக்கு லீவு. எனக்குத் தெரியாது. விடிந்ததும் மழையோடு தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கினேன். வழுக்கி, தண்ணீர் போக வெட்டிய ஆழக் கானில் விழுந்தேன். கால் முறிந்தது. போன் தண்ணீரில் போனது. கத்திப் பார்த்தேன். யாரும் இல்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பிறகு நெஞ்சுக்கு.

என்னை யார் தேடுவார்கள்?

"ஆண்டவரே, நான் இங்கே கிடப்பது உமக்குத் தெரியும். யாரையாவது அனுப்பும்." அவ்வளவுதான் ஜெபித்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது.

"யாக்கோபண்ணா! ஏனுங்க, யாக்கோபண்ணா!"

பேக்கிங்கில் இருக்கும் காண்ட்ராக்ட் பெண். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து என் அக்குளில் கொடுத்து, தேயிலைத் தூரில் இறுக்கிக் கட்டினாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும்போது கேட்டேன், "நீ எப்படி இங்க வந்தே?"

"எனக்கும் பட்டன் போன்தானுங்க. கேட்டுக்குப் போனா, வாட்ச்மேன் லீவுங்கறாரு. எப்பவும் எனக்கு முன்னாடி நிப்பீங்க, இன்னிக்குக் காணோம். இந்த மழைல மனுசன் சும்மா நடந்து வருவாரே, எதிர்க்க போய்ச் சொல்லிடலாம்னு நீங்க வர்ற பாதைல வந்தேன்."

"என் பேரு?"

"சாப்பாட்டுத் தூக்குல பெயிண்டுல எழுதியிருக்குதுங்களே. உங்ககிட்ட வாய் பேசறது அது ஒண்ணுதான்."

டிரைவர் சிரித்தார். எனக்கும் வலியோடு சிரிப்பு வந்தது. எட்டு மாதம் ஒரே பேக்டரியில் இருந்தும் அந்தத் தங்கச்சியின் பேரை அப்போதுதான் கேட்டேன். பார்வதி.

கால் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. பெரட்டு திரும்ப வரவில்லை. வீட்டில் இன்னும் தனிதான். ஆனால் மத்தியானம் காண்ட்ராக்ட் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ராத்திரி அவர்கள் பேர்களைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் வெறுத்தவர்களிடமிருந்துதான் எனக்கு ஆள் அனுப்பினார். தனியாகக் கிடக்கிறவர்கள் யாரானாலும் அவரைக் கூப்பிடுங்கள். கேட்பார். யாரை அனுப்பினாலும் கை நீட்டுங்கள்.