அப்பா பேருக்கு ஒரு கட்டம்

ரெண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியா ஞாபகம் இல்ல. தினம் கீழ்பென்னாத்தூர்ல பஸ் ஏறி திருவண்ணாமலைக்கு வந்து, பாத்திரக்கடைக்கு மேல ஒரு மாடியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவேன். ஆபீஸ்ல மொத்தமே மூணு பேரு. முதலாளி, நான், டைப் அடிக்கற அக்கா ஒருத்தங்க. பௌர்ணமின்னா பஸ்ல கால் வைக்க எடம் இருக்காது, கரண்ட்டையும் நம்ப முடியாது, வேலை மட்டும் எப்பவும் ஜாஸ்தி. அப்ப புடிச்ச முதுகுவலி இன்னும் உடல.

அந்த வருஷம் ஒரு டிரஸ்ட்டோட வேலை வந்துச்சு. பத்தாவது முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்க டவுன்ல தங்கி பிளஸ் டூ படிக்க ஹாஸ்டல் நடத்தறவங்க. ஹாஸ்டல்ல சீட் கெடைச்சா பொண்ணு மேல படிக்கும். கெடைக்கலன்னா எங்க பக்கம் நூல் மில்லு வேலைக்கு வேன்ல ஏத்தி அனுப்பிடுவாங்க. நடுவுல வேற வழியே இல்ல. விண்ணப்பம் பேப்பர்ல எங்ககிட்ட வரும். நாங்க அதை அடிச்சு, நெட்டுல மெட்ராஸ்ல இருக்கற அவங்க சர்வருக்கு அனுப்பணும்.

அதுக்கு நான் ஒரு ஸ்கீமா எழுதினேன். பெரிய வித்தை ஒண்ணும் இல்லைங்க அது. என்னென்ன கட்டம் இருக்கணும், எதுல எழுத்து வரணும், எதுல நம்பர் வரணும், எது காலியா இருக்கலாம், எது இருக்கக் கூடாதுன்னு எழுதி வெக்கற ஒரு ஃபைல், அவ்ளோதான். அதைப் படிச்சு திரையில ஃபாரம் தானா வந்துடும். அடிச்சு அனுப்பினா மெட்ராஸ் சர்வரும் அதே ஃபைலை வெச்சு சரிபாத்துதான் உள்ள உடும். அளந்து குடுக்கறவன்கிட்டயும் வாங்கறவன்கிட்டயும் ஒரே மரக்கால் இருந்தா சண்டை எங்க வரும்? தப்பே வராது சார்னு முதலாளிகிட்ட பீத்திக்கிட்டேன்.

அப்பா பேர் கட்டத்தைக் கட்டாயம்னு போட்டேன். எழுத்து மட்டும்தான், மூணு எழுத்துக்குக் கம்மியா கூடாது. யாரையும் கேக்கல. கேக்கணும்னே தோணல. இன்ஷியல் இல்லாத ஆளு நம்ம ஊர்ல யாரு இருக்காங்கன்னு ஒரு நெனப்பு. அப்புறம் டிரஸ்ட் சொன்ன விதி ஒண்ணு, ஒரு குடும்பத்துக்கு ஒரு சீட்டுதான். அப்பா பேரும் ஊரும் ரெண்டும் ஒத்துப்போனா ஒரே குடும்பம், ரெண்டாவதா வர்ற விண்ணப்பம் வெளியேன்னு எழுதினேன். "ஒரே ஊர்ல ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்களேம்மா"ன்னாரு முதலாளி. "இன்ஷியலோட அடிக்கறோம்ல சார்"னு அவர் வாயை அடைச்சேன். ரொம்பத் தெரிஞ்சவ இல்லையா நான்.

பேப்பர் கட்டுக் கட்டா வந்துச்சு. சிலதுல அப்பா பேர் எடத்துல வெறும் கோடு.

"இது போவ மாட்டேங்குதும்மா, செவப்பா காட்டுது"ன்னாங்க அக்கா.

நான் வேற ஒரு புரோக்ராம் சனியனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். "எதையாச்சும் போட்டு அனுப்புங்கக்கா, உயிரை வாங்காதீங்க"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள கட்டு மொத்தமும் போயிடுச்சு.

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆயிருக்கும். மத்தியானம் ஒரு அம்மா மாடியேறி வந்தாங்க. அடி அண்ணாமலைங்கற கிராமத்துக்காரங்க, லாட்ஜுல துணி தொவைக்கறாங்க. கையில டிரஸ்ட் அனுப்பின லெட்டர். உக்காருங்கன்னேன், உக்காரல.

"எனக்கு ஒரே பொண்ணுங்க. ஒரே குடும்பத்துல ஒரு பொண்ணுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சுன்னு இதுல போட்டிருக்கு. யாருங்க அந்தப் பொண்ணு?"

"பேரு எதாச்சும் ஒத்துப்போயிருக்கும், இருங்க பாக்கறேன்"னேன்.

"என்னா பேரு? அந்தாளு எங்கள உட்டுட்டுப் போயி எட்டு வருசம் ஆவுது. எங்க ஊர்லயே அப்பன் இல்லாத இன்னொரு பொண்ணுக்கு சீட் கெடைச்சிருக்கு. அது அந்தாளுக்குப் பொறந்ததுதான், கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிடுச்சுன்னு தெருவே சிரிக்குது. நேத்து குழாயடியில அதைப் பெத்த பொம்பளைய அடிக்கவே போயிட்டேன் நானு."

ரெண்டு விண்ணப்பத்தையும் தொறந்து பாத்தேன். ரெண்டுலயும் அப்பா பேரு அண்ணாமலை. இன்ஷியலும் இல்ல, ஒண்ணும் இல்ல.

திரும்பி அக்காவைப் பாத்தேன். "நீதான எதையாச்சும் போடச் சொன்ன"ன்னாங்க. "கோடு போட்டேன், எடுக்கல. 'இல்லை'ன்னு அடிக்கலாம்னு பாத்தேன். ஒரு பொண்ணுக்கு அப்பன் இல்லைன்னு என் கையால அடிக்க மனசு வரலம்மா. அப்பன் இல்லாத புள்ளைங்களுக்கு அவர்தான அப்பன்?"னு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாங்க. ஜன்னல்ல மலை தெரியும்.

கோவப்படலாம்னா யார் மேல படறது? இந்த ஊர்ல ஆட்டோவுக்கும் அவர் பேருதான், அரிசி மண்டிக்கும் அவர் பேருதான். வீட்டுக்கு ஒரு புள்ளைக்காவது அவர் பேரு இருக்கும். அக்கா அடிச்சது எல்லாமே எழுத்து, மூணுக்கு மேலயே இருக்கு. என் ஸ்கீமா பேஷா ஏத்துக்கிச்சு. இங்கயும் ஏத்துக்கிச்சு, மெட்ராஸ்லயும் ஏத்துக்கிச்சு. அப்புறம் ஒரே ஊர்ல இருந்த அப்பன் இல்லாத பொண்ணுங்களை எல்லாம் அக்கா தங்கச்சின்னு ஆக்கி, முதல்ல வந்த ஒருத்திக்கு மட்டும் சீட் குடுத்துடுச்சு.

அந்த அம்மாகிட்ட நடந்ததை அப்படியே சொன்னேன்.

"அப்ப அந்தப் பொம்பளை மேல தப்பே இல்லியா?"

"இல்லீங்க."

"அடக் கடவுளே"ன்னு தலையில கையை வெச்சுக்கிட்டு அப்பதான் உக்காந்தாங்க.

மெட்ராசுக்குப் போன் போட்டேன். அங்க இருந்தவரு நல்ல மாதிரிதான் பேசினாரு. "அந்தக் கட்டத்தைக் காலியா உடற மாதிரி மாத்தணும்னா கமிட்டி ஒத்துக்கணும் மேடம், அடுத்த வருஷம் பாக்கலாம். ரெண்டு சீட் காலியா இருக்கு. நாளைக்கு லிஸ்ட்டை மூடறோம், திருத்தி இன்னிக்கே அனுப்பிடுங்க"ன்னாரு.

"எதாச்சும் ஒரு பேரு போட்டே ஆவணுங்க. உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க"ன்னேன் அந்த அம்மாகிட்ட.

"அந்தாளு பேரு வரக் கூடாதுன்னுதான கோடு போட்டேன்? பெத்தது நானு. சோறு போட்டது நானு. கை வெந்துபோவ சலவைச் சோடாத் தண்ணியில துணி தொவைச்சுப் படிக்க வெச்சதும் நானு. அந்தாளு பேரு எதுக்கு?"

"காலியா இருந்தா போவாதுங்க."

கீபோர்டைக் கையால காட்டி, "அப்ப என் பேரைப் போடு"ன்னாங்க.

போட்டேன். செவப்பா காட்டல. அனுப்பினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டதுன்னு வந்துச்சு.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"இதுக்கா இத்தினி ரோதனை"ன்னு எழுந்து, முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டாங்க.

அவங்க போனதும், இதே மாதிரி வேற யாரு மாட்டியிருக்காங்கன்னு தேடினேன். இன்னும் ஒரே ஒரு பொண்ணு. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம், எங்க வீட்டுல இருந்து ரெண்டு ஸ்டாப். அவங்க வீட்டுல யாரும் வந்து கேக்கல. சீட் இல்லைன்னு லெட்டர் வந்தா இல்லைன்னு எடுத்துக்கற ஜனங்க. பேப்பர்ல அம்மா பேர் இருந்துச்சு. கேக்காமலே அதை எடுத்து அப்பா பேர் கட்டத்துல போட்டு அனுப்பினேன். அதுவும் போயிடுச்சு. ரெண்டு சீட்டும் ரொம்பிடுச்சு. அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன்.

மறுநாள் லீவு போட்டுட்டு, நேர்லயே சொல்லிடலாம்னு பஸ் ஏறிப் போனேன். அந்தப் பொண்ணோட அம்மா வாசல்ல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காய வெச்சுக்கிட்டு இருந்தாங்க. உங்க பொண்ணுக்கு சீட் கெடைச்சிடுச்சுங்கன்னு சந்தோஷமா சொன்னேன்.

அவங்க கை நின்னுடுச்சு. "இல்லைன்னு லெட்டர் வந்துச்சேம்மா. நேத்து காலைலதான் மில்லு வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு."

"திரும்பக் கூப்புட்டுக்கலாமேங்க?"

"மூணு வருசம் மில்லுலயே இருக்கணும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனேம்மா."

என் மூஞ்சி எப்படி இருந்துச்சோ, அவங்களே எழுந்து உள்ள போய் ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. "நீ என்னம்மா பண்ணுவ, கம்ப்யூட்டர்ல அப்படி வந்துடுச்சு"ன்னாங்க.

அதை எழுதினவளே நான்தான்னு சொல்ல வாய் வரல. "ஆமாங்க, கம்ப்யூட்டர்லதான்"னுட்டு தண்ணியைக் குடிச்சேன்.