பத்தொன்பது நாள் என் மேஜையில் கிடந்த விண்ணப்பம்

1958 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே நசநசவென்று தூறல். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்ட தன் வேலை விண்ணப்பத்தைக் காக்கி உறையில் வைத்து என் மேஜையில் வைத்தார் டைப்பிஸ்ட் அக்கா. உறையின் ஓரத்தில் மழைத்துளி இரண்டு. முந்தானையால் ஒற்றிவிட்டு, "இது நல்லபடியாப் போய்ச் சேரணும் தம்பி" என்றார்.

மராட்டியப் பக்கம், கட்கியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் டெஸ்பாட்ச் குமாஸ்தா. வெளியே போகும் கடிதங்களுக்கெல்லாம் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, தபால் தலை ஒட்டி அனுப்புவது என் வேலை. அந்தப் பிரிவில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இரண்டே பேர். மராட்டிக்காரர்கள் அவரைத் தாயி என்றார்கள், நான் அக்கா என்றேன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். கும்பகோணம் பக்கத்துப் பேச்சு. போபோடியில் ஒற்றை அறை. கணவர் பட்டறையில் நெஞ்சு கெட்டுப்போய் வீட்டில் இருந்தார். பள்ளிக்கூடம் போகும் பெண்கள் இருவர். ஐந்து வயிற்றுக்கு, மாமியாரையும் சேர்த்து, ஒரு சம்பளம். அதுவும் தற்காலிகப் பதவி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். அந்தச் செப்டம்பரோடு நீட்டிப்பு இல்லை என்று பேச்சு அடிபட்டது.

வேலை மாறுவது பற்றி யோசனை கேட்க எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். நான் அதுவரை பதினொரு இடத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். ஓரிடத்திலிருந்தும் நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை, ஆனாலும் யோசனை சொல்வதில் எனக்குக் குறைவில்லை. பதினொன்றையும் மதிய இடைவேளையில் காசு வாங்காமல் தட்டச்சு செய்து கொடுத்தவர் அக்கா. கடைசி விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க பிறந்த தேதி, படிப்பு, மார்க்கு எல்லாம் எனக்கு மனப்பாடம் தம்பி. அடுத்த தடவை நானே போய் இண்டர்வியூவுக்கு உக்காந்துட்டு வந்துடறேன்."

நகரின் மறுகோடியில் புதிதாகத் தொடங்கிய ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டைப்பிஸ்ட் வேண்டும் என்ற விளம்பரத்தைக் கத்தரித்து அவருக்குக் கொடுத்தவனும் நான்தான். நிரந்தர வேலை, என் சம்பளத்தைவிடப் பதினெட்டு ரூபாய் கூடுதல். அரசு ஊழியர் வேறு வேலைக்கு எழுதினால், அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் முன்நகல் ஒன்றைத் தாங்களே நேராக அனுப்பிவிடுவார்கள். அலுவலகம் தாமதித்தாலும் பெயர் அங்கே பதிவாகியிருக்கும். அதில் தப்பும் இல்லை.

"நானும் ஒரு நகல் நேரா போட்டுடட்டுமா?" என்று அக்கா கேட்டார்.

"வேண்டாம்க்கா. மேலே தெரிஞ்சா கோவிச்சுக்குவாங்க. டெஸ்பாட்ச்ல நான் இருக்கேன்ல, அப்புறம் என்ன?" என்றேன்.

என்னுடைய பதினொரு விண்ணப்பத்துக்கும் முன்நகல் போயிருந்தது. அவற்றையும் அவர்தான் அடித்துக் கொடுத்திருந்தார். அது தெரிந்தும், நான் சொன்னால் காரணம் இருக்கும் என்று நம்பிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அறுபது வருடத்துக்கு மேலாக யோசிக்கிறேன். கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது இல்லை. என்னை நம்பி ஒருவர் இருக்கிறார் என்பது ருசியாக இருந்தது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் உறை மற்ற காகிதங்களுக்கு அடியில் போய்விட்டது. அது மறதி. இரண்டாம் நாள் காலை கண்ணில் பட்டது. அன்றிலிருந்து நடந்ததை மறதி என்று சொல்ல முடியாது. எடுத்து, பார்த்து, இழுப்பறையில் வைத்தேன். மெட்ரிக் படித்தவருக்கு முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டால் பதினொரு தடவை எழுதிய நான் யார்? இவர் போய்விட்டால் பன்னிரண்டாவதை யார் அடித்துத் தருவார்கள்? இவ்வளவு சின்னக் காரணங்கள். நாளைக்கு அனுப்பலாம் என்று தினமும் நினைத்தேன். ஜூலை 21 அன்று, "போயிடுச்சா தம்பி?" என்று கேட்டார். "அன்னிக்கே போயிடுச்சேக்கா" என்றேன். அதற்குப் பிறகு அனுப்புவதே கஷ்டமாகிவிட்டது. பதிவேட்டில் எண்கள் வரிசையாகப் போகும், பழைய தேதியில் நுழைக்க இடமில்லை. கடைசி நாள் ஜூலை 31. ஆகஸ்ட் 2, சனிக்கிழமை அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அஞ்சலட்டை வந்தது. காலம் கடந்து வந்ததால் பரிசீலிக்க இயலவில்லை. அக்கா அதை என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார். "சைக்கிள்ல போனா அரை மணி நேரம். தபால்காரர் ராமேஸ்வரம் போய்க் குளிச்சுட்டு வந்தாரா?" என்றார். நான் சிரித்தேன். மழைக்காலத்தில் தபால் இப்படித்தான் என்றும் சொன்னேன்.

மாதாமாதம் என் பதிவேட்டைப் பார்த்து, முந்தைய மாதம் போன கடிதங்களின் பட்டியலை அக்கா தட்டச்சு செய்ய வேண்டும். இது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆகஸ்டில் ஜூலைப் பட்டியலை அடித்தபோது சந்தேகம் எதுவும் இல்லாததால் அவர் தன் வரியைத் தேடவில்லை. இந்தத் தடவை வேறொருவரிடம் கொடுக்க வழியில்லை. செப்டம்பர் முதல் வாரம், பதிவேட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். டைப் மெஷின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நின்றது. நான் எண்ணினேன். நாற்பது வரை எண்ணியபோது மறுபடி தொடங்கியது. பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தார். ஆகஸ்ட் 2 என்று தேதியிட்ட அவருடைய விண்ணப்பத்தின் வரியும் மற்ற வரிகளைப் போலவே, ஓர் எழுத்துப் பிசகில்லாமல் இருந்தது. அதன் மேல் விரலை வைத்து, "தம்பி, இந்தத் தேதி சரிதானான்னு பார்த்துக்குங்க" என்றார்.

"சரிதான்க்கா."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அவர் சத்தம் போடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. செப்டம்பர் 30 அன்று பதவி முடிந்தது. மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, தாயும் மகளுமாகக் கசார்வாடியில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போவதாகப் பியூன்தான் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினான்கு வயது.

1963இல் கட்கி ரயில் நிலையத்தில் ஒருமுறை பார்த்தேன். நான் ஒதுங்குவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். "வேற வேலை கெடச்சுதா தம்பி?"

"இல்லக்கா."

"முயற்சி பண்ணுங்க" என்றார். கிண்டலா, மனசாரவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு நிமிடம் இருந்தது. மழையைப் பற்றிப் பேசினேன்.

போன மாதம் சாங்வியிலிருந்து பேத்தி வந்திருந்தாள். வேலை மாறப்போகிறாளாம், யோசனை கேட்டாள். பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசுகிறவள். புது வேலை உறுதியாகி, கடிதம் கைக்கு வரும்வரை பழையதை விடாதே, தெரிந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுது என்றெல்லாம் சொன்னேன். பிறகு, "உன் விண்ணப்பத்தை நீயே அனுப்பு. எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் இன்னொருவர் கையில் மட்டும் கொடுத்துவிட்டு இருக்காதே" என்றேன். "இப்ப எல்லாம் ஆன்லைன் தாத்தா, யார் கையிலயும் குடுக்க வேணாம்" என்று சிரித்தாள். யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்கா குடும்பத்துக்கு அதனால் என்ன ஆயிற்று என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. எனக்கு ஆனதற்கு இருக்கிறது. அவர் போன பிறகு இன்னும் ஒன்பது இடத்துக்கு விண்ணப்பித்தேன். ஒன்றும் கிடைக்காமல் அந்த மேஜையிலிருந்தேதான் ஓய்வு பெற்றேன். ஒன்பதையும் கடைவீதியில் காசு கொடுத்துத் தட்டச்சு செய்தேன். ஒன்றுக்கு எழுபத்தைந்து காசு. மொத்தம் ஆறே முக்கால் ரூபாய்.