ஐஸ் பெட்டியில் தங்கச்சியின் ரத்தம்

என் தங்கச்சிக்கு அப்போது மூன்று வயது. கை கால் குச்சி குச்சியாக, வயிறு மட்டும் பெருத்திருக்கும். கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தாலும் வேர்த்துத் துவண்டுவிடுவாள். அம்மா அவளை எழுப்பி எழுப்பிக் கஞ்சி ஊட்டுவாள்.

பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்றார் திண்டுக்கல் டாக்டர். உடம்பு சேர்த்துவைத்த சர்க்கரையைப் பிரித்தெடுக்க ஒரு என்சைம் வேண்டுமாம். அது இவளுக்கு இருக்கிறதா என்று ரத்த அணுக்களில் சோதிக்க வேண்டும். நோய் இன்னதென்று தெரிந்தால் பிள்ளையைக் காப்பாற்ற வழி சொல்லலாம் என்றார். சோதிக்கும் இடம் சென்னையில். எடுத்த ரத்தம் மறுநாளே போய்ச் சேர வேண்டும்.

எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். ஐஸ் வைத்துப் பூ அனுப்புவது வீட்டில் எல்லாருக்கும் பழகிய வேலை. அப்பா சின்னத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸை நிரப்பி, ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயைத் துணியிலும் அட்டையிலும் சுற்றி மேலாக வைத்தார். நான்காம் வகுப்பில் இருந்த என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலடிக்கு வந்தார்.

அங்கே பூக்கூடை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன மாமா, பொட்டி இம்புட்டுக்காணு இருக்கு? செடிய ஆடு மேஞ்சிருச்சா?" என்றார். அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு டிக்கெட் எடுக்கப் போனார். திறந்து பார்த்தேன். குழாயில் ஐஸ் படவே இல்லை. ஐஸ் ஒட்டாத பூ போய்ச் சேருமுன் பழுத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். துணியையும் அட்டையையும் உருவித் தண்டவாளத்தில் எறிந்தேன். குழாயை ஐஸுக்குள் ஆழப் புதைத்து மூடினேன்.

சென்னையில் அப்பாதான் பெட்டியைத் திறந்தார். துணியும் அட்டையும் இல்லாமல் ஐஸுக்குள் புதைந்திருந்த குழாயைத் துழாவி எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அணுவெல்லாம் ஒடைஞ்சுபோச்சே. ஐஸ்ல படக்கூடாதுன்னு சொல்லலையா?" என்றார் குழாயை வாங்கிப் பார்த்தவர்.

"சொன்னாங்கய்யா. நாந்தான் மறந்து வச்சுட்டேன்."

மறுபடி ரத்தம் எடுக்க டாக்டர் நாள் குறித்தார். அதற்குள் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. ஊட்டிய கஞ்சியெல்லாம் வாந்தியாகப் போனது. மூன்றாம் நாள் காலை அம்மா எழுப்ப எழுப்ப அவள் கண் திறக்கவில்லை.

அம்மா அப்பாவின் நெஞ்சில் அடித்தாள். "ஐஸ அள்ளி வைக்க அதென்ன பூவாய்யா? எம்புள்ள ரத்தமய்யா!"

"ஆமா, நாந்தான் வச்சேன். நாந்தான்" என்றார் அப்பா.

அம்மா அவரிடம் பேச வெகுநாள் ஆயிற்று. அன்று நான் அவரை ஒட்டியே உட்கார்ந்திருந்தேன். தான் சுற்றிவைத்ததை அவர் மறந்தேவிட்டார், நான் செய்தது அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்துக்கொண்டு.